ஒதுங்காத பெட்ரோல் வண்டி

"மேவிஸ், ஓரமா ஒதுங்கு. உனக்குப் பின்னாடி ஏழு வண்டி ஊர்ந்துக்கிட்டு வருது."

டுவேன் வாக்கி டாக்கியில் கத்தினான். முன்னால் போன வண்டியிலிருந்து மேவிஸின் குரல் சாவகாசமாக வந்தது.

"ஒதுங்க மாட்டேன்ப்பா. ரேடியோவுல பாட்டு போட்டுக் கேட்டுக்கிட்டே வா."

டுவேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி நடீன் பல்லைக் கடித்தாள். எவ்வளவு திமிர் இந்த மேவிஸுக்கு!

குளிர் முடியும்வரை மெக்சிகோ கடற்கரையில் தங்கலாம் என்று கிளம்பிய எட்டு வண்டிகள் அவை; ஒவ்வொன்றும் உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்க வசதியுள்ள வீட்டு வண்டி. எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். டுவேன்தான் தலைவன். ஏற்றம் வந்தால் டீசல் வண்டிகள் முன்னால், பெட்ரோல் வண்டி கடைசி என்பது அவன் போட்ட சட்டம். கூட்டத்தில் பெட்ரோல் வண்டி மேவிஸுடையது ஒன்றுதான்.

அன்று மலை ஏறும் முன் அடிவாரத்தில் காபிக்கு நிறுத்தியிருந்தார்கள். கிளம்பும்போது, கடைசியில் வரவேண்டியவள் விருட்டென்று எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். மாட்டு வண்டி வேகத்தில் மலை ஏறினாள். ஒதுங்க இடம் வந்த போதெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை.

அன்று சாயங்காலம் பாலைவனத்தில் வண்டிகளை நிறுத்தி நெருப்பு மூட்டினார்கள். அடுப்பில் பீன்ஸ் கொதிக்கும் முன்பே டுவேன் கொதித்தான்.

"பெட்ரோல் எஞ்சின் மலை ஏறாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஒரு லட்சம் மைல் தாண்டினா அது மண்டையைப் போட்டுடும். இதுல முன்னாடி வேற போகணுமாம்."

"ஒண்ணரை லட்சம் தாண்டியாச்சு" என்றாள் மேவிஸ், சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "இன்னும் எஞ்சினை ஒரு தடவைகூட இறக்கல. கேலனுக்கு ஒன்பது மைல் குடுக்குது. உன் டீசல் எவ்வளவு குடுக்குது? நெருப்பு முன்னால உக்காந்து சொல்ற கணக்கு வேண்டாம், நிஜக் கணக்கு சொல்லு."

யாரோ சிரித்தார்கள். டுவேன் முறைத்ததும் அந்தச் சிரிப்பு பீன்ஸோடு உள்ளே போய்விட்டது.

"பேச்சை மாத்தாத. மலையில எங்க உயிரை வாங்கினதுக்கு எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேளு. இல்லேன்னா நாளைக்குக் காலையில உன் வழியைப் பாத்துக்கிட்டுப் போ."

நடீனுக்கே திக்கென்றது. மேவிஸ் ஊர் சுற்ற வரவில்லை. அந்தக் கடற்கரையில் அவள் தங்கை கீழே விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு, அக்காவை எதிர்பார்த்துக் கிடந்தாள். முன்பின் தெரியாத மெக்சிகோ சாலையில், துணையில்லாமல் அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு போக யாருக்குத்தான் தைரியம் வரும்?

"ஒரு வார்த்தை கேட்டுடேன் மேவிஸ்" என்றாள் நடீன். "வாய் தேஞ்சா போயிடும்?"

"தப்பு பண்ணியிருந்தா கேப்பேன்."

"அப்போ ஓட்டுக்கு விடலாம்" என்றான் டுவேன். "நீக்கணும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன. புருஷன் பார்க்கிறானே என்று நடீனும் தூக்கினாள்.

மேவிஸ் எல்லாக் கைகளையும் நிதானமாகப் பார்த்தாள். தட்டில் மிச்சமிருந்ததைத் தின்று முடித்தாள். நாற்காலியை மடக்கிக்கொண்டு நடந்தாள்.

நடீனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பின்னாலேயே ஓடி, வண்டிப் படியில் அவளைப் பிடித்தாள்.

"பாழாப்போன பிடிவாதம் உனக்கு. எதுக்குத்தான் அப்படி வழியை மறிச்சே?"

"அடிவாரத்துலயே உன் புருஷன்கிட்ட ஒரு விஷயம் சொன்னேன். டீசலுக்குப் பெட்ரோல்காரி பாடம் எடுக்கிறாளான்னு சிரிச்சான். வேற வழி தெரியல."

"என்ன சொன்னே?"

"உங்க வண்டிக்கு அடியில குனிஞ்சு பாரு, தெரியும்."

"அதை அங்கயே எல்லார் முன்னாடியும் சொல்றதுக்கென்ன?"

"கூட்டத்துல வச்சு ஒரு மனுஷனோட மூக்கை அறுக்கிறது எனக்குப் பழக்கமில்ல. தூக்கம் வருது, போ."

நடீன் போனாள். டார்ச் அடித்து, மண்ணில் முழங்கால் படக் குனிந்து பார்த்தாள்.

காலையில் எல்லா வண்டிகளும் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தன. டுவேன் பக்கத்து இருக்கையைப் பார்த்தான். காலி. வாக்கி டாக்கியை எடுத்தான்.

"நடீன், எங்க இருக்கே?"

"மேவிஸ் வண்டியில. அவளோட மெக்சிகோ போறேன்."

"என்ன விளையாட்டு இது? அவளை நீக்கியாச்சு."

"நீக்கின கையில ஒண்ணு என்னுது. அதைத் திரும்ப எடுத்துக்கிட்டேன்."

மற்ற ஆறு வண்டிகளிலும் வாக்கி டாக்கிப் பக்கம் காதுகள் கூர்மையாயின. மூக்கை அறுப்பதில் மேவிஸுக்கு இருந்த தயக்கமெல்லாம் நடீனுக்கு இல்லை.

"இறங்கிப் போய் நம்ம டீசலுக்கு அடியில பாரு டுவேன். ரேடியேட்டர்ல ஊத்தின பச்சைத் தண்ணி ஒழுகி மண்ணே பச்சையா கிடக்குது. நேத்து நீ உன் வேகத்துல ஏறியிருந்தா எஞ்சின் வெந்து, நடு மலையில நாம நின்னுருப்போம். சொன்னா நீ கேக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான், அத்தனை பேர்கிட்டயும் வசவு வாங்கிக்கிட்டு, ஒதுங்காம முன்னாடி போயிருக்கா இந்தப் பெட்ரோல்காரி."