புரியல மேடம்!

"புரியல மேடம்" என்றார் சுந்தரம். மூன்றாவது தடவை.

மர்பி டவுனில் மருந்து மொத்த வியாபாரம் அவருக்கு. சாஃப்ட்வேர் செய்து தர வந்திருந்த ஸ்ரீரஞ்சனி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"முழுசா முடிச்சு ஒரே நாள்ல தரமாட்டோம் சார். கொஞ்சம் கொஞ்சமா தருவோம். வீடு கட்டற மாதிரி. முதல்ல ஒரு ரூம்..."

"கூரை போடறதுக்கு முன்னாடியே குடி வரணுமா?"

"சரி, சிலை செதுக்கற மாதிரி வெச்சுக்குங்க."

"மூக்கு உடைஞ்சா ஒட்டுவீங்களா?"

"குழந்தை வளர்க்கற மாதிரி சார்! தினம் கவனிச்சு, திருத்தி..."

"இருபது வருஷம் ஆகுமே மேடம். எனக்கு தீபாவளிக்குள்ள வேணும்."

'இந்த மரமண்டையெல்லாம் எப்படி முதலாளி ஆச்சு?' என்று நினைத்துக்கொண்டாள் ஸ்ரீரஞ்சனி.

மூலையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அம்புஜம். பத்தொன்பது வருஷமாக அங்கே ஸ்டாக் நோட்டு எழுதுகிறவர். ஸ்ரீரஞ்சனி வந்ததிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை.

"ஜாக்கெட் தைக்கிற மாதிரியா மேடம்?"

"எப்படிம்மா?"

"டெய்லர் முதல்ல பெரிய பெரிய தையலா போட்டுக் குடுப்பான். போட்டுப் பாத்து, கை பிடிக்குது, தோள் தொங்குதுன்னு சொன்னா பிரிச்சு தைப்பான். சொல்லாம வந்துட்டா நம்ம தலையெழுத்து."

ஸ்ரீரஞ்சனி நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள். "அதேதான்மா!"

"அப்போ முதல்ல எக்ஸ்பைரி தேதி பாக்கறதை மட்டும் குடுங்க. எனக்கு தினம் அதுதான் தலைவலி. சரியில்லேன்னா சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"தாராளமா சொல்லுங்க!"

அம்புஜம் அடுக்கிக்கொண்டே போனார். ஸ்ரீரஞ்சனிக்கு எழுதி மாளவில்லை.

"இப்ப ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், புரியுது" என்று தலையைச் சொறிந்தார் சுந்தரம்.

வாசல் வரை வழியனுப்ப வந்தார். ஸ்ரீரஞ்சனிக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

"சாரி சார். உங்களுக்குப் புரியற மாதிரி நான் இன்னும் சுலபமா சொல்லியிருக்கணும்."

"எனக்கு நீங்க ஆரம்பிச்சதுமே புரிஞ்சுது மேடம். இந்தக் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி பதினாறு வருஷம் புரோகிராம் எழுதினவன் நான்."

ஸ்ரீரஞ்சனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏன் சார் என்னை அந்தப் பாடு படுத்தினீங்க?"

சுந்தரம் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதுல உக்காந்து வேலை செய்யப்போறது அவங்க. நான் புரிஞ்சுதுன்னு சொல்லியிருந்தா, அவங்களும் பயந்துக்கிட்டு சும்மா தலையை ஆட்டியிருப்பாங்க மேடம்!"