ஒப்பந்தப்படி ராணி

பிரிட்ஜ் மேசையில் சடகோபன் முதல் சீட்டாக ஸ்பேட் ராஜாவை இறக்கியதும், எதிராட்டக்காரர் தனபால், சடகோபனின் மனைவியும் ஆட்டத்தில் ஜோடியுமான ரேணுகாவைப் பார்த்தார்.

"ராஜா முதல்ல வந்தா உங்களுக்குள்ள என்னம்மா அர்த்தம்?"

எதிராட்டக்காரர் கேட்டால் ஜோடிக்குள் இருக்கும் ஒப்பந்தத்தைச் சொல்லியாக வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. தன் கையில் இருப்பதைச் சொல்லக் கூடாது. அவர்களுடையது பத்தொன்பது வருஷ ஒப்பந்தம். ஏஸும் ராஜாவும் சேர்ந்திருந்தால் ஏஸ்தான் முதலில் இறங்கும். ராஜா இறங்கினால் ஏஸ் இல்லை, ராணி இருக்கிறது.

"ராணி அவர்கிட்ட இருக்குன்னு அர்த்தம்," என்றாள் ரேணுகா. ஸ்பேட் ராணி அவள் கையில் இருந்தது.

ஒரு சின்னச் சீட்டைப் போட்டாள். அடுத்த சுற்றில் சடகோபன் ஏஸை இறக்கினார்.

"தப்பாச் சொல்லிட்டீங்களேம்மா!" என்றார் தனபால்.

"அவ சொன்னது சரிதான் சார். நான்தான் ஏதோ பழக்கதோஷத்துல மாத்திப் போட்டுட்டேன்," என்று சடகோபன் சிரித்தார்.

பழக்கமாம். அந்தக் கிளப்பில் ஏஸை வைத்துக்கொண்டு ராஜாவை முதலில் இறக்குவது என்று ஜோடியோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்பவள் வத்சலா ஒருத்திதான். அவளோடு ஓர் ஆட்டம்கூடச் சேர்ந்து ஆடியதில்லை என்று சத்தியம் செய்த வாய் இது. எட்டு மாதமாகச் செவ்வாய்தோறும் பல் டாக்டரிடம் காட்டிவரும் வாயும் இதுதான்.

"போடு ரேணு, காத்துட்டிருக்காங்கல்ல."

ஸ்பேடில் அவளிடம் மிஞ்சியது ராணி மட்டுமே. அதை அவருடைய ஏஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமைதானேங்க? பல் டாக்டர்கிட்ட நானும் வரேன்."