மூன்று கட்டுத் தட்டை

கருத்தக்கண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, அவனை நாங்கள் கொளுத்திய அன்றுதான்.

கொளுத்தியது கொடும்பாவியை. மழை பொய்த்தால் ஒரு பாவியின் பொம்மையைச் செய்து, பிணம்போலத் தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் எரிப்பது வழக்கம். மற்ற ஊர்களில் அந்தப் பாவிக்குப் பெயர் கிடையாது. எங்கள் ஊர் கெட்டிக்கார ஊர். பாவி யாரென்று கண்டுபிடித்தே வைத்திருந்தோம்.

தேவதானப்பட்டிக்கு வடக்கே, மலையடிவாரத்து மானாவாரி ஊர். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி இரண்டாவது வருசம். மழை சரியாகப் பெய்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. மாடுகள் சுவரை நக்கிக்கொண்டு நின்றன.

கருத்தக்கண்ணன் செய்த பாவம் இதுதான். அவனுடைய நாலு ஏக்கர் செம்மண் காடு சரிவில் இருந்தது. சரிவுக்குக் குறுக்கே கல்லை அடுக்கி, வரிசை வரிசையாக வரப்புப் போட்டான். ஐந்து வருசம், ஒற்றை ஆளாக. மொத்தம் பதினொரு வரப்பு. கொஞ்சநஞ்சம் பெய்த மழையும் ஓடாமல் அங்கேயே நின்று ஊறியது.

ஊர்க்கூட்டத்தில் நாட்டாமை சங்கரலிங்கம் அவனை நிற்கவைத்துக் கேட்டார்.

"மழைத்தண்ணி ஓடைக்குப் போகணும். ஓடை ஆத்துக்கு, ஆறு கடலுக்கு. கடல்ல மொண்டுக்கிட்டுத்தான மேகம் இங்கன வருது? நீ மேட்டுலயே மறிச்சுக்கிட்டா அது எதை மொள்ளும்?"

கூட்டம் தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

"என் நாலு ஏக்கர்த் தண்ணி போகாட்டி கடல் வத்திப்போகுமாக்கும்?" என்றான் கருத்தக்கண்ணன்.

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். சங்கரலிங்கத்துக்கு முகம் கறுத்தது.

"எகத்தாளமா பேசுற? கல்லைப் புடுங்குலே."

"புடுங்குனா மண்ணு போயிரும் மாமா. மழை இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம் வரும். போன மண்ணு வருமா?"

"மண்ணு எங்கடா போகும்? காலு மொளச்சா நடக்கும்?"

இப்போது ஊரே சிரித்தது. கொடும்பாவி கட்டுவது என்றும், எரித்து எட்டு நாளில் மழை வராவிட்டால் ஊரே கடப்பாரையோடு போய் வரப்புகளைப் பிடுங்குவது என்றும் தீர்ப்பானது.

அவன் போனபிறகு இன்னொன்றும் முடிவானது.

"பொம்மை அவன் சாடையிலயே இருக்கட்டும்" என்றார் சங்கரலிங்கம்.

பொம்மை கட்டுவது என் வேலை. காய்ந்த சோளத்தட்டை மூன்று கட்டு வாங்கிவந்து கையும் காலும் உடம்புமாகக் கட்டினேன். சட்டியைக் கவிழ்த்துத் தலை வைத்தேன். கருத்தக்கண்ணனுக்கு நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. அதைக் கரியால் இழுத்தேன். கையில் கடப்பாரைபோல ஒரு கம்பு, நெஞ்சில் ஒரு கல். எல்லோரும் மெச்சினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் இழுத்துப் போனோம். ஒப்பாரிக்காரி இருளம்மாள் மாரில் அடித்துக்கொண்டு பாடினாள்.

"கல்லடுக்கி மழை மறிச்ச பாவி போறானே..."

கருத்தக்கண்ணன் வீட்டு முன்னால் போகும்போது அவனுடைய மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி ஒரு மாடு. நேராகப் பொம்மை மேல் பாய்ந்து அதன் கையைக் கடித்து இழுத்தது.

"பாத்தீகளா! அவன் மாடே அவனைக் கடிக்குது!" என்று கத்தினார் சங்கரலிங்கம். "பாவி யாருன்னு வாயில்லா சீவனுக்குத் தெரியுதப்பா!"

சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவன் மாட்டைக் கம்பால் அடித்து விரட்டினான்.

கருத்தக்கண்ணன் வாசலில் நின்றிருந்தான். பொம்மையின் நெற்றித் தழும்பைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மழை வந்தாச் சரி மாப்ளே" என்றான்.

மாட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மூன்றாம் நாள், வரப்பில் சரிந்த கல்லை எடுத்துவைக்கும்போது விரியன் கடித்துச் செத்துப்போனான். கொடும்பாவி பலித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆறாம் நாள் மழை கொட்டியது. இனி யாருக்குச் சந்தேகம்? தெருவில் நனைந்துகொண்டு கூத்தாடினோம்.

மறுநாள்தான் காட்டுக்குப் போய்ப் பார்த்தோம். எங்கள் மேல்மண் எல்லாம் செந்தண்ணீராக ஓடி மஞ்சளாற்றில் இறங்கியிருந்தது. கால் முளைக்காமலே நடந்துவிட்டது. சங்கரலிங்கம் ஆசைப்பட்டபடி கடலுக்குத்தான் போயிருக்கும்.

வரப்பைப் பிடுங்கும் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

என் மனைவி ஜக்கம்மா உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அந்த வருசம் ஊருல ஒரு வீட்டுலயும் தட்டை இல்லையே. பொம்மைக்கு மட்டும் எங்கன வாங்குனீக?"

நான் வெற்றிலையைத் துப்பப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

வாங்கியது கருத்தக்கண்ணனிடம். அந்த வருசம் அவன் காட்டில் மட்டும்தான் சோளம் விளைந்திருந்தது. தட்டை அடுக்கிய படப்பில் மிஞ்சியிருந்தது மூன்றே கட்டு, அவன் மாட்டுக்கு என்று வைத்திருந்தது. யார் சாடையில் பொம்மை என்று நான் சொல்லவில்லை.

"ஊருக்கு மழை வரும்னா தூக்கிட்டுப் போ மாப்ளே" என்று அவனே என் தலையில் ஏற்றிவிட்டான்.

பதினொரு வரப்பும் இன்னும் இருக்கின்றன. அவன் காட்டில் முழங்கால் ஆழத்துக்கு மண் இருக்கிறது. என் காட்டில் பாறை.