புகை வராத புகைபோக்கி

வெளிநாட்டில் தான் வேலை பார்க்கும் மின்நிலையத்தைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பியதுதான் ஐயப்பராஜுக்கு வினையாகிப் போயிற்று. அவன் ஊரில் எல்லாருக்கும் செங்கல் சூளைதான் பிழைப்பு. புகை நின்றால் வேலை நின்றுவிட்டதென்று அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அம்மாவின் குரல்பதிவு உடனே வந்து சேர்ந்தது: "ஏல, புகையவே காணும்? மூடிட்டாவளா?"

பனியில் நின்றபடி, கையுறையைக் கழற்றாமல், அவன் ஃபோனிடம் பேசினான். அது எழுதிக்கொண்டது. அங்கே தங்கை வாசித்துக் காட்டுவாள். "மூடலம்மா. மரத்தூள எரிச்சுக் கரண்டு எடுக்கோம். அதுல வார கரியமில வாயுவ வெளிய விடாமப் புடிச்சு, கடலுக்கு அடியில பாறைக்குள்ள அடைச்சிருவாவ. பெறவு அது வரவே வராது." மூக்கு நுனியால் தட்டி அனுப்பினான்.

"பேயத்தாம்ல புளியமரத்துல ஆணியடிச்சு அடைப்பாவ. புகையவுமா?" பின்னால் தங்கை சிரிப்பது கேட்டது. பிறகு அம்மாவின் குரல் தணிந்தது. "எங்கிட்ட மறைக்காத. வேல போயிட்டுன்னா கெளம்பி வந்திருய்யா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்."

வந்த நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் ஏங்கிக் கிடந்தான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

"வேல இருக்கும்மா" என்றான் கடைசியில். எழுத்துகள் திரையில் வந்து நின்றன. அவன் அனுப்பவில்லை. அவனுடைய மூச்சு மட்டும், பிடித்து அடைக்க ஆளில்லாமல், வெள்ளையாக மேலே போய்க்கொண்டிருந்தது.