வேண்டாம் என்றால் வேண்டும்

"தலைவர் பதவி எனக்குத்தான் வேணும்! என்னை விட்டா இந்தக் கட்சியில தகுதியான ஆள் யாரு?"

நிருபரின் மைக்கைப் பிடுங்கி குன்வோர் முழங்க, அவளுடைய செயலாளர் ஹோகன் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

"புத்தி கெட்டுப்போச்சா தோழர்? நம்ம சோஷலிஸ்ட் கட்சியில பதவியை யாராவது வாய்விட்டுக் கேப்பாங்களா? 'ஐயோ, நான் வேண்டாம்'னு சொல்லணும். தேர்வுக் குழு கெஞ்சும். அப்புறம்தான் தலையாட்டணும். இனிமே ஒரு ஓட்டு விழாது!"

குன்வோர் மைக்கை நிருபரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் தேர்வுக் குழுத் தலைவி மேடையேறினாள்.

"இத்தனை வருஷமா எல்லாரும் ஆசையை மறைச்சு நடிச்சோம். ஒருத்தியாவது உண்மையைச் சொன்னாளே! நம்ம தலைவர், குன்வோர்!"

அரங்கமே எழுந்து கைதட்டியது. குன்வோர் மைக் முன்னால் போய், "எனக்கு வேண்டாம்" என்றாள்.

"பழைய நாடகத்தை ஆரம்பிச்சிட்டாங்கப்பா!" என்று யாரோ கத்த, சிரிப்பு வெடித்தது. சிவப்பு ரோஜாக்கள் அவள் கையில் திணிக்கப்பட்டன.

"ஜெயிச்சுட்டு அழறீங்களே?" என்றான் ஹோகன்.

"முதல்லயே குழுகிட்ட நிஜமாத்தான் வேண்டாம்னேன். அடக்கம்னு சிரிச்சாங்க. வேணும்னு கத்தினாலாவது விட்டுடுவாங்கன்னு பார்த்தேன். என் புருஷனுக்கு ஞாபகம் போய்க்கிட்டே இருக்கு, ஹோகன். ஊருக்குச் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டார். என் பேரு மறக்கிறவரைக்குமாவது அவர்கூட வீட்டுல இருக்கலாம்னு நினைச்சேன்."