முதலாளி சொன்ன வயது

"நேத்து எனக்கு எட்டு வயசுன்னியே, இன்னிக்கு எப்படிப்பா பதினாலு ஆச்சு?"

தொண்ணூற்றைந்தில், தறி வீட்டுக்குக் குழந்தைத் தொழிலாளர்களைத் தேடி அதிகாரிகள் வந்துபோன அன்று தீபிகா கேட்ட கேள்வி. அப்பா மயில்வாகனம் சிரித்தார். முதலாளி சொன்னால் ஆயிற்று என்றார்.

ஒன்பது வருடம் கழித்து, காவல் நிலையத்தில், அதே முதலாளியின் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "பொண்ணுக்குப் பதினெட்டு ஆவலை சார். மைனர். சொல்லாம கொள்ளாம பஸ் ஏறிக்கினு போவுது."

ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸிலிருந்து அவளை இறக்கிக் கூட்டிவந்திருந்தார்கள். பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன், இனித் தறியில் உட்கார மாட்டேன். இதைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பதினெட்டு ஆகியிருந்தால் அவள் இஷ்டம். ஆகவில்லை என்றால் அப்பாவோடு போக வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

முதலாளி கலியாணசுந்தரம் நெற்றி நிறைய நாமத்தோடு நாற்காலியில் இருந்தார். கருட சேவை அன்று ஊருக்கே மோர் ஊற்றுகிறவர். மோரில் பெருங்காயம் குறைந்தால் மனம் நொந்துபோவார். புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளும் பிள்ளைகளின் விரலைப் பட்டு இழை அறுத்தபோது மட்டும் நொந்ததில்லை. பெருமாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவரே அடிக்கடி சொல்வார். எந்தத் தைரியத்தில் சொன்னாரோ.

"பெத்தவங்க மனசு நோவக் கூடாதும்மா. பாவம் உனக்குத்தான்" என்றார்.

அது முகூர்த்த மாதம் என்பதையும், தறியில் பாதிப் புடவை நிற்பதையும் சொல்லவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் டீ குடித்துவிட்டு வந்தார். அதற்குள் ஏட்டு பொன்னியம்மாள் தீபிகாவைப் பின்பக்கக் குழாயடிக்கு அழைத்துப்போய் முகம் கழுவ வைத்துக் கூட்டிவந்திருந்தாள்.

"நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார் சப் இன்ஸ்பெக்டர்.

தீபிகா முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

"மொதலாளி, அன்னிக்கு ஆபீசருங்க வந்தப்போ, எனக்குப் பதினாலு முடிஞ்சிபோச்சுன்னு சொன்னது நீங்கதானே?"

மேசையில் புகார் எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

இல்லை என்றால், எட்டு வயதுப் பிள்ளையைத் தறியில் உட்கார வைத்தவர். ஆமாம் என்றால், அவளுக்கு இப்போது இருபத்துமூன்று.

மயில்வாகனம் முதலாளியின் வாயைப் பார்த்தார். பழக்கம்.

கலியாணசுந்தரம் அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாமா. பதினாலுதான். நல்லா ஞாபகம் இருக்குது."

"இருபத்துமூணு வயசு மைனரு!" ரைட்டர் மயில்வாகனத்தைப் பார்த்து மேசையைத் தட்டிச் சிரித்தார். "பெரியவரே, உங்க வீட்ல கழுதைக்குக்கூட வயசு ஏறாது போலக்குது!"

சப் இன்ஸ்பெக்டர் தீபிகாவைப் பார்த்து வாசலைக் காட்டினார். அங்கவஸ்திரத்துக்கும் நாமத்துக்கும் அதற்குமேல் அங்கே வேலை இருக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மயில்வாகனம் சர்க்கார் ஆட்கள் முன் அவள் வயதை உண்மையாகச் சொன்னது அன்று ஒருநாள்தான், மைனர் என்றபோது.

பொன்னியம்மாள் பஸ் வரை கூடவே வந்தாள். படியில் ஏறிய தீபிகா தயங்கி நின்றாள்.

"நீங்க குழாயடியில சொல்லிக் குடுத்த மாதிரியே கேட்டுட்டேங்க்கா. ஆனா நெசமா எனக்குப் பதினேழுதான்."

"தெரியும். உள்ள போய் உக்காரு."

அதே வயதில் பொன்னியம்மாளும் ஒருநாள் வீட்டைவிட்டு வந்து, செங்கல்பட்டு ரயிலடியில் ஒரு போலீஸ்காரர் முன் நடுங்கி நின்றிருக்கிறாள். முன்பின் தெரியாத பூக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இது என் பொண்ணுங்க" என்றாள். அந்தப் பூக்காரியின் பெயரைக்கூடப் பொன்னியம்மாள் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு எத்தனையோ முறை போய்த் தேடியும் அவளைக் காண முடியவில்லை.

பஸ் கிளம்பிப் போனது.

நிலையத்துக்குத் திரும்பியபோது ரைட்டர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கில்லாடிப் பொண்ணும்மா. எவ சொல்லிக் குடுத்தாளோ!"

"யாரோ ஒரு பூக்காரி சார்" என்றாள் பொன்னியம்மாள்.