மூன்று வாய்

என் மகள் எழிலரசிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் வரைந்த படங்களைக் கண்காட்சியில் வைத்திருக்கிறார்கள் என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பாவப்பட்டு வந்த கூட்டம்தான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். சுவரில் மூன்று பெரிய படங்கள். மூன்றிலும் என் வாய். வெற்றிலைக் கறை, உடைந்த முன்பல், எதையும் விடவில்லை. முதல் படத்தில் உதடு குவிந்திருந்தது, அடுத்ததில் ஒட்டியிருந்தது, கடைசியில் பல் தெரிய விரிந்திருந்தது. கீழே ‘என் பெயர்’ என்று எழுதியிருந்தாள்.

“உங்க வாயேதான் பெரியவரே!” பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். “என்னதான் சொல்றீங்க? கண்டுபிடிக்கவே முடியலையே!”

மூன்றையும் வரிசையாக என் உதட்டால் செய்து பார்த்தேன். ‘ஊமை’ என்று வந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவளை எதிரில் வைத்துக்கொண்டு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். காது கேட்காதவளுக்கு என்ன தெரியப் போகிறது என்ற நினைப்பு.

“அவ பேரத்தாம்மா சொல்றேன்” என்றேன்.

“என்ன பேரு?”

மகளின் முகத்தைப் பார்த்து, “எழிலரசி” என்றேன். அவள் என் உதட்டையே பார்த்தாள். புருவத்தைச் சுருக்கி, என்ன சொன்னாய் என்று கையை அசைத்துக் கேட்டாள்.